மொட்டை மாடி வெயில் படுக்கையறைக்கு வந்து சேரும் வழி

பங்குனி பிறந்துவிட்டால் கடைசி மாடியில் குடியிருப்பவர்களின் பேச்சே மாறிவிடும். "ஒன்றரை டன் ஏசி போட்டும் ரூம் குளிரவே மாட்டேங்குது." "ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனலைத்தான் இறக்குது." "இந்த வருஷம் ரெண்டு டன்னா வாங்கிடலாம்." யோசனை சொல்பவர்களுக்கும் குறைவில்லை. ஒருவர் ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்வார், இன்னொருவர் கூலிங் டைல்ஸ் பதிக்கச் சொல்வார், சாயங்காலம் மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும் என்பார் வேறொருவர். ஒவ்வொரு யோசனையும் ஏதோ ஒரு வீட்டில் பலன் தந்திருக்கும். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது, சூடு எந்த வழியாக, எந்த நேரத்தில் உள்ளே வருகிறது என்று தெரிந்தால்தான் தெரியும். அதைக் கண்டுபிடிக்காமல் செலவு செய்வதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

குளிர் நாடுகளில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. வீட்டை ஆள் வந்து சோதித்து, எங்கே வெப்பம் கசிகிறது என்று பார்த்து, இடுக்குகளை அடைத்துத் தருவார்கள். அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இதைச் செய்துகொடுக்க 1976 முதல் அரசுத் திட்டமே இருக்கிறது. அங்கே உள்ளே இருக்கும் கதகதப்பு வெளியே போகாமல் காப்பது வேலை. நமக்கோ வெளியே இருக்கும் வெயில் உள்ளே வராமல் காக்க வேண்டும். இயற்பியல் ஒன்றுதான், ஆனால் மருந்து வேறு. அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்து இங்கே ஏசி இல்லாத வீட்டின் ஜன்னல்களையெல்லாம் இறுக அடைத்தால் வீடு இன்னும் புழுங்கும்.

இந்தக் கட்டுரை, தமிழ்நாட்டில் நாம் அதிகம் பார்க்கும் கான்கிரீட் தளம் போட்ட வீட்டை, அதிலும் கடைசி மாடியை மனதில் வைத்து எழுதியது.

தோசைக்கல் சொல்லும் பாடம்

அடுப்பில் தோசைக்கல் காய்கிறது. கல்லைத் தொடாமல், ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டினாலே சூடு தெரிகிறது. சூடான பரப்பு தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக வீசுகிறது. இதற்கு வெப்பக் கதிர்வீச்சு என்று பெயர். அடுப்பில் தீ படாத கைப்பிடியும் கொஞ்ச நேரத்தில் சுடுகிறது. பொருளின் வழியாகவே வெப்பம் நகர்ந்து வருவது வெப்பக் கடத்தல். அடுப்பை அணைத்த பிறகும் அதில் ஒரு தோசை வார்த்துவிடலாம். கனமான பொருள் வெப்பத்தைத் தனக்குள் வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்வது வெப்பச் சேமிப்பு. கைப்பிடியை மடித்த துணியால் பிடித்தால் கை சுடுவதில்லை. துணியின் இழைகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அப்படித் தடுக்கும் பொருள்தான் வெப்பக் காப்பு.

இந்த நான்கும் அப்படியே உங்கள் மொட்டை மாடியில் நடக்கின்றன. பகல் முழுக்க வெயில் தளத்தைக் காய்ச்சுகிறது. கான்கிரீட் ஒன்றும் வெப்பத்தைத் தடுக்கும் பொருள் அல்ல. தடிமனாக இருப்பதால் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். மேலே மதியம் ஏறிய சூடு ஐந்தாறு அங்குலத் தளத்தைக் கடந்து கீழ்ப்பக்கம் வந்து சேர நாலைந்து மணி நேரம் ஆகும். சூரியன் மறைந்த பிறகு, நீங்கள் கட்டிலில் சாயும் நேரத்தில், தலைக்கு மேலே இருக்கும் கூரை தன்னிடம் சேர்ந்ததைக் கதிர்வீச்சாகக் கீழே கொட்டத் தொடங்குகிறது. "தளம் நல்ல கனமாப் போட்டிருக்கேன், சூடு இறங்காது" என்று சொல்பவர்கள் தாமதத்தைத் தடுப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஃபேன் அனலை இறக்குவதாகத் தோன்றுவதும் இதனால்தான். கூரையை ஒட்டி நிற்கும் சூடான காற்றை அது கீழே கலந்துவிடுகிறது. ஃபேன் அறையைக் குளிர்விப்பதே இல்லை. நம் தோலில் இருக்கும் வியர்வையைக் காயவைத்து நமக்கு மட்டும் குளிர்ச்சி தருகிறது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் மின்சாரம்தான் வீண்.

சுருக்கமாக: வெயில் மாடியில் விழுகிறது, கான்கிரீட் அதை வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது, இரவில் கூரையின் அடிப்பக்கம் அதைக் கதிராக வீசுகிறது.

ஏசியின் பங்கு எது வரை

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. ஒரு டன் என்றால் சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஒரு அமெரிக்க டன் (சுமார் 907 கிலோ) பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பம் அது. அந்தக் காலத்தில் ஐஸ் வைத்துக் குளிரூட்டிய வழக்கத்திலிருந்து வந்த அளவு.

இப்போது 12க்கு 12 அடி படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 13.4 சதுர மீட்டர். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழும். அதாவது அந்த ஒரு அறையின் மேல் மட்டும் 13 கிலோவாட். அதில் எவ்வளவு உள்ளே வரும் என்பதைச் சொல்லும் அளவுக்கு யூ-மதிப்பு என்று பெயர். தளத்தின் மேலும் கீழும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் கடக்கிறது என்பதே அது. எண் குறையக் குறைய நல்லது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது 3க்கு மேல். குடியிருப்புகளுக்காக மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' விதிமுறை, கூரைக்கு 1.2ஐத் தாண்டக் கூடாது என்கிறது.

ஒரு தோராயக் கணக்கு. காய்ந்த மாடிக்கும் அறைக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், 3 × 13.4 × 30. கிட்டத்தட்ட 1200 வாட். ஒரு டன் ஏசியின் திறனில் மூன்றில் ஒரு பங்கு கூரையோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடுகிறது. மேற்குச் சுவர், ஜன்னல், ஆட்கள், ஃபிரிட்ஜ் எல்லாம் இதற்கு மேல்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. நம் உடம்பு உணர்வது காற்றின் வெப்பத்தை மட்டும் அல்ல, சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பத்தையும் சேர்த்துத்தான். ஏசி காட்டும் எண் 24ஆக இருக்கலாம். கூரை 38 டிகிரியில் கதிர்வீசிக்கொண்டிருந்தால் உடம்புக்கு அது 24 இல்லை. உடனே ரிமோட்டை எடுத்து 18 வைக்கிறோம். ஏசியை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று அதே எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. கூரை குளிர்ந்தால் 26 வைத்து, ஃபேனையும் சுழலவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். "ஏசி பத்தவில்லை" என்று சொல்லப்படும் பல வீடுகளில் மெஷின் ஒழுங்காகவே இருக்கிறது. கூரைதான் பிரச்சினை.

சுருக்கமாக: ஏசியின் வேலை, உள்ளே வந்த வெப்பத்தை வெளியே தள்ளுவது. உள்ளே வருவதைக் குறைத்தால் சிறிய ஏசியே போதும், அதுவும் குறைந்த நேரம் ஓடினால் போதும்.

வீட்டைச் சோதிப்பது எப்படி

நிபுணர் வரவேண்டும் என்பதில்லை. முதலில் மின் கட்டண விவரத்தை எடுங்கள். மார்கழி, தை மாதங்களின் யூனிட்டையும் சித்திரை, வைகாசி மாதங்களின் யூனிட்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசத்தில் பெரும்பகுதி சூட்டை விரட்ட நீங்கள் செலவழித்தது. தமிழ்நாட்டுக் கட்டண முறையில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளின் விலை ஏறுவதோடு, கீழ்ப்படியில் சலுகை விலையில் கிடைத்துவந்த யூனிட்டுகளும் விலை ஏறிவிடும். 520இல் நிற்கும் வீடு 480க்கு வந்தால் கிடைக்கும் மிச்சம் 40 யூனிட்டின் விலையைவிட அதிகம்.

அடுத்தது வெப்பநிலை. கையில் பிடித்து, தொடாமலேயே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இருந்தால் நல்லது. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டியது இதற்கு உதவாது, அது உடல் வெப்ப அளவுக்குள்தான் காட்டும். பொருள்களின் சூட்டை அளக்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். பளபளக்கும் உலோகப் பரப்பில் அது தவறாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளில், கூரையின் அடிப்பக்கம், மேற்குச் சுவர், கிழக்குச் சுவர், உட்புறச் சுவர் ஆகியவற்றைக் காலை 7, மதியம் 2, மாலை 6, இரவு 9 மணிக்கு அளந்து ஒரு தாளில் குறியுங்கள். வெப்பமானி இல்லையென்றால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாலே எது அதிகம் சுடுகிறது என்பது தெரிந்துவிடும். இரவு 9 மணிக்கு உட்புறச் சுவரைவிடக் கூரை நாலைந்து டிகிரி கூடுதலாக இருந்தால், பணத்தை முதலில் செலவழிக்க வேண்டிய இடம் மாடி.

காற்றுக் கசிவைப் பார்க்க ஊதுபத்தி போதும். வெளிநாட்டில் வாசலில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை உறிஞ்சி வெளியேற்றி, எங்கெங்கே காற்று நுழைகிறது என்று பார்ப்பார்கள். நாம் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, அந்தக் கதவைத் திறந்து வைத்து, படுக்கையறையின் மற்ற கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கதவடி, ஜன்னல் சட்டம், ஏசி குழாய் போகும் ஓட்டை இவற்றின் அருகே ஊதுபத்தியைப் பிடிக்க வேண்டும். புகை கோணும் இடமெல்லாம் காற்று நுழையும் இடம். திரைச்சீலையைக் கட்டி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஏசி தண்ணீரை அளப்பது. வடிகுழாயை ஒரு வாளியில் விட்டு, இரவு முழுக்க எத்தனை லிட்டர் சேர்கிறது என்று பாருங்கள். காற்றில் இருக்கும் ஈரத்தை ஒரு லிட்டர் தண்ணீராக மாற்ற, சுமார் 0.68 யூனிட் அளவுக்கு வெப்பத்தை ஏசி வெளியேற்ற வேண்டும். அதற்குச் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ 0.2 யூனிட். தூங்குபவர்களின் மூச்சும் வியர்வையும் கொஞ்சம் ஈரம் தரும். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் ஒரு லிட்டருக்குக் கீழேதான். வாளியில் ஐந்தாறு லிட்டர் நிற்கிறது என்றால் மீதி ஈரம் கதவிடுக்கு வழியாக வெளிக்காற்றோடு வந்தது. மறுநாள் கதவடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்துவிட்டு மீண்டும் அளந்தால் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இந்தச் சோதனை நிறையச் சொல்லும்.

முதல் மருந்து மாடிக்கு

சூட்டைத் தடுக்கச் சிறந்த இடம் கான்கிரீட்டுக்கு மேலே. உள்ளே ஏறிய பிறகு எந்த வேலை செய்தாலும் பாதிப் பலன்தான். மாடிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: வெயிலைத் திருப்பி அனுப்புவது, நிழல் தருவது, வெப்பக் காப்பு போடுவது.

திருப்பி அனுப்புவதுதான் மலிவு. அழுக்கேறிய சாம்பல் நிறச் சிமென்ட் தளம் விழும் வெயிலில் சுமார் 70 சதவீதத்தை உள்வாங்கும். புதிதாக வெள்ளை அடித்த தளம் 20 முதல் 25 சதவீதம்தான் உள்வாங்கும். மேலே காட்டிய கணக்கில் 30 டிகிரி வித்தியாசம் 12ஆகக் குறைந்தால், 1200 வாட் 480 ஆகிவிடும். தளத்தின் கனத்தை ஒரு அங்குலம்கூட மாற்றாமல். சுண்ணாம்பில் பசை கலந்து அடிப்பது பழைய, நம்பகமான முறை. மழையில் கரைந்துபோகும், ஒவ்வொரு வருடமும் மாசியில் திரும்ப அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயின்ட் என்று விற்கப்படுபவை விலை கூடுதல், சில வருடங்கள் தாங்கும். எதை அடித்தாலும், பாசியையும் தூசியையும் சுரண்டிக் கழுவி, விரிசலை அடைத்த பிறகே அடிக்க வேண்டும். வெள்ளையின் மீது தூசி படிந்தால் பலன் இறங்கிவிடும், அவ்வப்போது கழுவ வேண்டும். ஈரத்தில் வழுக்கும் என்பதால் துணி காயப்போடும் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

நம் கொத்தனார்கள் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். வெதரிங் கோர்ஸ் என்பது அதுதான். மழைநீர் வழிந்தோடச் சரிவு தருவது அதன் முதல் வேலை. சூட்டையும் கொஞ்சம் தடுக்கும். ஆனால் யூ-மதிப்பு இரண்டரையை ஒட்டித்தான் வரும். தட்டோடு சிவப்பாக இருப்பதால் வெயிலை நிறைய வாங்கும். அதன்மேல் வெள்ளை அடிப்பதில் தவறே இல்லை.

நிழலுக்குப் பந்தல், பச்சை வலை, உயர்த்திக் கட்டிய சோலார் பேனல் எல்லாம் உதவும். பேனலுக்கும் தளத்துக்கும் இடையே காற்று ஓட வேண்டும். தொட்டிச் செடிகள் நல்லவைதான். ஈர மண்ணின் எடையைத் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டு அடுக்குங்கள். மாடியில் தண்ணீர் ஊற்றினால், ஒவ்வொரு லிட்டர் ஆவியாகும்போதும் அதே 0.68 யூனிட் வெப்பத்தைத் தளத்திலிருந்து எடுத்துப்போகும். உண்மையான பலன்தான். ஆனால் ஈரம் இருக்கும் வரைதான் நீடிக்கும், கோடையில் தண்ணீர் கிடைப்பதும் கடினம், விரிசல் இருந்தால் ஒழுகும். நான் இதைக் கடைசியில் வைப்பேன்.

வெப்பக் காப்பு செலவு பிடித்தது, ஏசி தினமும் ஓடும் வீட்டுக்குப் பொருத்தமானது. தெர்மோகோல் வகைக் கெட்டிப் பலகை ஒரு அங்குலம் வைத்தாலே யூ-மதிப்பு 1.2க்குக் கீழே வந்துவிடும். அது நீர்க்காப்புக்கு மேல், ஓட்டுக்குக் கீழ், தளத்தின் வெளிப்பக்கம் போக வேண்டும். கூரையின் அடியில் வெறும் தெர்மோகோலை ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், புகையும் நஞ்சு. ஃபால்ஸ் சீலிங் கூரையின் கதிர்வீச்சை ஓரளவு மறைக்கும். ஆனால் தளம் காய்வதை அது நிறுத்துவதில்லை. அழகுக்காகப் போடுவதாக இருந்தால் சரி.

ஏசி இல்லாத வீடு என்றால் வெள்ளை அடிப்பதே முதல் தேர்வு. காப்புப் போட்ட தளம் பகலில் சூட்டைத் தடுப்பது போலவே, இரவில் அறையின் சூடு வானத்துக்குப் போவதையும் தடுக்கும். வெள்ளைத் தளம் பகலில் குறைவாக வாங்கி இரவில் தாராளமாக வெளியே விடும்.

மேற்குச் சுவரும் ஜன்னலும்

சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே நகரும். அதனால் கோடையில் தெற்குச் சுவருக்கு அவ்வளவாக வெயில் இல்லை. அடி வாங்குவது கூரைக்கு அடுத்தபடியாக மேற்குச் சுவர். மாலைச் சூரியன் தாழ்வாக வருவதால் ஜன்னலுக்கு மேல் இருக்கும் சன்ஷேடு அதைத் தடுக்காது. எதிரே நின்று மறைக்கும் தட்டியோ கொடியோ மரமோ வேண்டும்.

மேற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒரு சதுர மீட்டருக்கு நாலு மணி வெயில் அரை கிலோவாட் அளவுக்கு உள்ளே அனுப்பும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளே சூடான பொருள்கள் வீசும் கதிரைத் திருப்பி வெளியே விடாது. திரைச்சீலை உட்புறம் தொங்குகிறது. அதைத் தொடும்போது வெயில் ஏற்கனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. அதே செலவில் வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டால் பலன் பல மடங்கு.

எங்கே அடைக்கலாம், எங்கே அடைக்கவே கூடாது

ஏசி அறையின் கதவடிக்கு ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்துக்கு நுரைப் பட்டை, குழாய் ஓட்டைக்குப் புட்டி. இந்த மூன்றும் சில நூறு ரூபாய் வேலை. காலையில் ஏசியை அணைத்ததும் ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றிவிடுங்கள்.

கேஸ் கீசர் இருக்கும் குளியலறையின் வென்டிலேட்டரை ஒருபோதும் அடைக்காதீர்கள். காற்று போதாமல் எரியும் எரிவாயு கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு வாசனை கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து உயிர் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. சமையலறைக்கும் இதே விதிதான்.

ஏசி இல்லாத அறைகளில் கேள்வி வேறு: எப்போது திறப்பது? மதுரை, திருச்சி, வேலூர் மாதிரி உள்மாவட்டங்களில் மதியக் காற்று வீட்டுக்குள் இருப்பதைவிடச் சூடானது. காலை ஒன்பது, பத்து மணிக்குச் சாத்தி, பொழுது சாய்ந்து வெளியே குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தால், இரவுக் காற்று சுவர்களின் சூட்டை எடுத்துப்போகும். கடலோரத்தில் பிற்பகலில் கடற்காற்று ஏறும்போதே திறந்துவிடலாம்.

வாடகை வீடும் தகரக் கூரையும்

வாடகைக்கு இருப்பவர்களால் தளத்தை உடைக்க முடியாது. ஆனால் சுண்ணாம்பு அடிக்க உரிமையாளர் பெரும்பாலும் மறுக்க மாட்டார், அது தளத்துக்கும் நல்லது. இரவு 9 மணிக் கூரைச் சூட்டை எழுதி வைத்த தாளைக் காட்டிக் கேளுங்கள். வெள்ளை அடித்த பிறகு அதேபோல வெயில் அடிக்கும் ஒரு நாளில் மறுபடி அளந்து பாருங்கள். புது ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த அளவுக்குப் பிறகு முடிவு செய்யலாம்.

தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் கான்கிரீட்டுக்கு நேர்மாறு. சேர்த்து வைக்கும் கனம் இல்லை, தாமதமும் இல்லை. வெயில் ஏறிய கால்மணி நேரத்தில் கீழே இருப்பவர் தலையில் இறங்கும், பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். இங்கே பகல்தான் ஆபத்து. மேலே வெள்ளை அடித்து, கீழே ஒரு முழம் இடைவெளி விட்டு மூங்கில் பாயோ தென்னங்கீற்றுத் தட்டியோ கட்டி, அந்த இடைவெளியின் இரு முனைகளையும் காற்றோட்டத்துக்குத் திறந்துவிட்டால் நடுப்பகலில் வித்தியாசம் உடனே தெரியும். அடுப்பு இருக்கும் பக்கம் கீற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைச் சுரண்டவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கி நோயாகும். தண்ணீர் தெளித்து மென்மையாகத் துடைத்துவிட்டு அதன்மேல் அடிக்க வேண்டும். தகட்டின் மீது ஏறி நிற்காமல், குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நின்று வேலை செய்யச் சொல்லுங்கள்.